யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வயலின் குடும்பம்

2025 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட பத்ம விருதுப் பட்டியலில் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் பெயர் இருந்தது. அவருக்குக் கிடைத்தது பத்மவிபூஷண். அந்நாட்டுக் குடிமக்களுக்கான விருதுகளில் இரண்டாவது உயரிய விருது அது. பெயருக்கு எதிரே துறை கலை என்றும் மாநிலம் கர்நாடகம் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. அவர் பெங்களூரில் இசைப்பள்ளி நடத்துபவர் என்பதால் அதில் பிழையில்லை. ஆனால் அவர் வயலின் பழகத் தொடங்கிய ஊர் பெங்களூர் அல்ல. பிறந்த சென்னையும் அல்ல. அது யாழ்ப்பாணம்.

சிலாபத்தில் வயலின் பழகும் சில பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. அவர் இந்தியராயிற்றே என்று கேட்டார்கள். இந்தியர்தான். ஆயினும் அவரும் அவருடைய தம்பி எல். சங்கரும் ஐந்து வயதை எட்டும்போதே வில்லைப் பிடிக்கப் பழகியது யாழ்ப்பாணத்து வீடொன்றில், தந்தையின் முன்னால் அமர்ந்துதான். இந்த இருவரும் பின்னாளில் நியூயோர்க் இசை அரங்குகள் முதல் ஐரோப்பிய ஜாஸ் மேடைகள் வரை கர்நாடக இசையைக் கொண்டு சென்றார்கள். அந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் மண்ணில் எழுதப்பட்டது என்பதும், அது ஏன் அங்கே தொடராமல் போனது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள்.

தந்தை வி. லக்ஷ்மிநாராயணா 1911 இல் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் ஒரு பக்கவாத்தியம். பாடகர் ஒரு சங்கதியைப் பாடுவார், வயலின்காரர் அதை நிழல்போலப் பின்தொடர்வார். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் வயலினுக்குத் தனி இடம் கிடைக்கும். இந்த நிலையை மாற்றி வயலினைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பது லக்ஷ்மிநாராயணாவின் வாழ்நாள் ஆசை. அதற்காக இடக்கை விரல்களுக்கும் வலக்கை வில்லுக்கும் புதிய பயிற்சிகளை வகுத்தார். யாழ்ப்பாண இசைக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைக்கவே குடும்பத்துடன் இங்கு வந்து சேர்ந்தார். மனைவி சீதாலக்ஷ்மி வீணை வாசிப்பவர், பாடுபவர். மூத்த மகன் வைத்தியநாதன் 1942 இலும், சுப்பிரமணியம் 1947 இலும், இளையவர் சங்கர் 1950 இலும் பிறந்தனர்.

அன்றைய யாழ்ப்பாணம் இசைக்கு வரண்ட பூமியாக இருக்கவில்லை. 1931 இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்திவந்தது. வசதியுள்ளோர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சங்கீதபூஷணம் பட்டத்துடன் திரும்பினர். கோயில் திருவிழாக்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாதஸ்வரக் குழுக்கள் வருவதும், விடிய விடியக் கச்சேரி நடப்பதும் வழமை. எதிர்த்திசையிலும் பயணம் இருந்தது. அளவெட்டியைச் சேர்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களையே வியக்க வைத்தவர். இத்தகைய சூழலில்தான் லக்ஷ்மிநாராயணாவின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சுப்பிரமணியம் ஆறு வயதில் மேடை ஏறினார். சங்கர் இரண்டு வயதில் பாடத் தொடங்கி, ஐந்து வயதில் வயலினும் ஏழு வயதில் தாளவாத்தியமும் பயின்றார். அந்த ஏழாவது வயதில் அவருடைய முதல் பொதுக் கச்சேரி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நடந்தது.

அதற்கடுத்த ஆண்டு 1958.

1956 இல் தனிச்சிங்களச் சட்டம். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. மே மாதத்தில் பொலன்னறுவைப் பகுதியில் மூண்ட வன்முறை பாணந்துறை, கொழும்பு எனப் பரவியது. மே 27 இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. தெற்கிலிருந்த தமிழர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. பலருடைய பேரன் பேத்திமார் அந்தக் கப்பல்களின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

அந்தக் கலவரத்தை அடுத்து லக்ஷ்மிநாராயணாவின் குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குத் திரும்பியது. ஆசிரியர் ஒருவர் போனார் என்று மட்டும் இதைக் கணக்கிட முடியாது. ஒரு வாத்தியத்துக்குப் புதிய பாணியொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தவர், அதைத் தாங்கிச் செல்லப்போகும் மூன்று பிள்ளைகளுடன் போனார். அப்போது மூத்தவருக்கு 16 வயது, நடுவிலவருக்குப் 11 வயதுகூட நிரம்பவில்லை, இளையவருக்கு எட்டு. பிற்காலத்தில் எத்தனையோ பேர் வெறுங்கையுடன் வெளியேறியதை எண்ணிப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: வீணையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க இயலாது, மிருதங்கமும் கனம். வயலின் பெட்டியோ ஒரு தோளில் தொங்கிவிடும். இடம்பெயர்வோருக்கு ஏற்ற வாத்தியம் அது.

வயலினே ஓர் இடம்பெயர்ந்த வாத்தியம்தான். கர்நாடக இசையோடு பிறநாட்டு இசையைக் கலக்கலாமா என்று சண்டை பிடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தது ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர்தான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை மேலும் செம்மைப்படுத்தினார். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வாத்தியம் அதேதான், பிடிக்கும் முறை மாறியது. மேலைநாட்டவர் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் இடையில் வயலினை இறுக்குவர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்வர். இதனால் வயலினைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லை. விரல் தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓடலாம், கமகம் பிறக்கும். தந்திகளையும் அவர்களைப்போல ஜி, டி, ஏ, ஈ என்று கட்டாமல் ச, ப, ச, ப என்று கட்டிக்கொண்டார்கள். எங்கிருந்தோ வந்த பொருளை இந்த அளவுக்கு நமதாக்கிய சமூகம் கலப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சிலாபத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நகருக்கு அருகில் முன்னேஸ்வரம். போர்த்துக்கேயர் இடித்ததும், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்ததுமான சிவன் கோயில். ஆவணித் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது தமிழரோடு சிங்கள மக்களும் அர்ச்சனைத் தட்டுடன் வரிசையில் நிற்பர். வடக்கே உடப்பு. அங்கு கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும், திரௌபதி அம்மன் விழாவுக்கும், வில்லிசைக்கும் தனிப் பெயர் உண்டு. இன்னும் வடக்கே புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் மஞ்சா பாடுகிறார்கள். தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் மூத்த தலைமுறை தமிழ் பேசியது. பள்ளிக்கூட மொழி மாறியதும் பேரப்பிள்ளைகள் சிங்களத்துக்கு மாறிவிட்டார்கள். கலத்தல் வேறு, கரைதல் வேறு. இந்தக் கரையில் இரண்டும் நடந்திருக்கின்றன.

லக்ஷ்மிநாராயணாவின் மக்கள் செய்தது முதலாவது. அவர்கள் கரைந்துபோகாமல் இருந்ததற்குக் காரணம் சென்னையில் கழிந்த ஆண்டுகள். சகோதரர்கள் மூவரும் சேர்ந்து மூன்று வயலின் கச்சேரி செய்தார்கள். பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் கச்சேரி மரபைக் கரைத்துக் குடித்தார்கள். சுப்பிரமணியம் செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்றோருக்கு வாசித்தவர். அதே வேளையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து எம்.பி.பி.எஸ். பட்டமும் பெற்றார். மருத்துவராக இருந்திருந்தால் பிழைப்புக்குக் குறைவிருந்திருக்காது. நம் பெற்றோர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள்! அவர் நிறுத்தவில்லை. 1973 இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா கலை நிறுவனத்தில் மேற்கத்திய செவ்வியல் இசையில் முதுமாணிப் பட்டம் பெற்றார்.

மூத்தவர் வைத்தியநாதன் இந்தியாவிலேயே தங்கித் திரைப்பட இசையமைப்பாளரானார். பாரதி பாடல்கள் இடம்பெற்ற 'ஏழாவது மனிதன்', வசனமே இல்லாத 'பேசும் படம்', தொலைக்காட்சித் தொடரான 'மால்குடி டேய்ஸ்' ஆகியவை அவருடைய பெயர் சொல்லும். வசனமில்லாத படத்தில் பேச வேண்டிய வேலை இசைக்கு. அதை எவ்வளவு அடக்கமாகச் செய்தார் என்பதை இன்று பார்த்தாலும் உணரலாம். அவர் 2007 இல் காலமானார்.

முதலில் கடல் கடந்தவர் இளையவர் சங்கர். 1969 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அந்தப் பெயரை நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1960 களின் தொடக்கத்தில் றொபேர்ட் பிறவுண் என்ற அமெரிக்கர் அங்கே கர்நாடக இசைக்கு இடம் ஏற்படுத்தினார். நடனமணி பாலசரஸ்வதியின் சகோதரர்களான மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் தி. விஸ்வநாதனும் அங்கு ஆசிரியர்களாயினர். குருவின் வீட்டுத் திண்ணையில் நடந்த பாடம் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் நுழைந்த இடம் அது. சங்கர் அங்கே படித்தார், துணை ஆசிரியராகக் கற்பித்தார், பல்கலைக்கழக வாத்தியக் குழுவில் முதன்மை வயலினும் வாசித்தார். இன இசையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினை அவர் சந்தித்ததன் விளைவு 'சக்தி' என்ற குழு. தபேலாவுக்கு ஸாகிர் ஹுசைன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். 1975 இல் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் மேடையிலேயே பதிவான முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் ராகவன். மின் கிற்றாரால் புகழ்பெற்றிருந்த மக்லாக்லின் மின்சாரத்தைத் துறந்து தரையில் அமர்ந்து வாசித்தார். வட இந்தியத் தபேலாவும் தென்னிந்தியக் கடமும் ஒரே மேடையில் தனி ஆவர்த்தனம் செய்வது அப்போது இந்தியாவிலேயே அரிது. 1976 க்கும் 1977 க்கும் இடையில் மூன்று தட்டுகள் வெளிவந்தன, பின்னர் குழு கலைந்தது.

அந்தத் தட்டுகளை இன்று கேட்கும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றுவதுண்டு. தாளக்கட்டில் உள்ள செழுமை இராக விரிவில் எல்லா இடங்களிலும் இல்லை. வேகம் கைதட்டலை வாங்கித் தரும்போது நிதானத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது. 1979 இல் ஃபிராங்க் ஸப்பாவின் தயாரிப்பில் சங்கர் வெளியிட்ட தட்டில் கர்நாடக இசை ஏறத்தாழ வாசனை மட்டுமே. ஆனால் அடுத்த ஆண்டே அவர் செய்தது வேறு தரத்திலான வேலை. கென் பார்க்கர் என்ற அமெரிக்க வாத்தியக் கைவினைஞருடன் சேர்ந்து இரட்டை வயலின் ஒன்றை உருவாக்கினார். ஓர் உடலில் இரண்டு கழுத்துகள், கழுத்துக்கு ஐந்து தந்திகள் வீதம் பத்து. டபிள் பேஸ், செலோ, வியோலா, வயலின் ஆகிய நான்கும் சேர்ந்து எட்டும் சுர எல்லையை ஒரே ஆள் எட்டலாம். மந்தர ஸ்தாயியில் ஆலாபனையைத் தொடங்கி, பாடகரின் குரல் இறங்கவியலாத ஆழத்துக்கு இறங்கி, பின் மெல்ல ஏறலாம். ஆபேரி இராகத்தில் அவர் 1990 களில் வெளியிட்ட தட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு முன்னரே பீற்றர் கேப்ரியலின் 'பாஷன்' இசைத்தட்டில் அவருடைய வயலின் ஒலித்திருந்தது.

சுப்பிரமணியம் எடுத்த வழி வேறு. அவர் மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு எழுதத் தொடங்கினார். சொல்வது எளிது. 80, 90 பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவர் முன்னாலும் தாளில் எழுதிய சுரம் இருக்கும். எழுதாததை அவர்கள் வாசிப்பதில்லை. நமது இசையில் பெரும்பகுதி எழுதப்படாதது, மேடையில் அந்த நொடியில் பிறப்பது. அவர்களுடைய இசைக்கு ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் இணைப்பு உயிர், நமக்கு ஒற்றைச் சுரத்தின் அசைவே உயிர். ஓர் இராகத்தில் இல்லாத சுரத்தை இணைப்புக்காகச் சேர்த்துவிட்டால் இராகம் கெட்டுவிடும். எனவே குழுவுக்குரியதை முழுமையாக எழுதி, வயலினுக்குரிய இடங்களைக் கற்பனைக்குத் திறந்துவிட்டு, இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே இணைப்பைக் கட்டினார். வேத மந்திரங்களை அடிப்படையாகக் கொண்ட அவருடைய படைப்பை 1985 இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழு ஸுபின் மேத்தாவின் நெறியாள்கையில் வாசித்தது. 1984 இல் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிரப்பெல்லியுடன் ஒரு தட்டு. 'சலாம் பொம்பே' திரைப்படத்துக்கும் இசை அவர்தான். இத்தனைக்கும் நடுவே கீர்த்தனைகள் வாசிக்கும் மரபுக் கச்சேரியை அவர் கைவிடவில்லை.

1990 இல் லக்ஷ்மிநாராயணா மறைந்தார். 1992 முதல் அவருடைய பெயரில் உலக இசை விழா ஒன்றைச் சுப்பிரமணியம் நடத்தி வருகிறார். 2007 இல் பெங்களூரில் தொடங்கிய இசைப்பள்ளியை இப்போது அவருடைய பிள்ளைகள் பிந்துவும் அம்பியும் முன்னெடுக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் தந்தை வகுத்த பயிற்சிமுறை மூன்றாம் தலைமுறையின் கையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அதன் தொடர்ச்சி என்னவாயிற்று? லக்ஷ்மிநாராயணா வெளியேறிய பின்னரும் இந்தியக் கலைஞர்கள் வந்தார்கள். 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற முன்னணிப் பாடகர் அங்கே அதிபராக இருந்தார் என்பது அந்தக் காலத்தின் பெருமை. 1970 களின் நடுப்பகுதியில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் அங்கமாயிற்று. பின்னர் 1983. பாக்கு நீரிணையின் போக்குவரத்து வேறுவகையானதாயிற்று. கச்சேரிக்காக வந்தவர்களின் வழியில் அகதிகள் போனார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது ஆசிரியரும் மாணவரும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் கற்பிக்கிறார்கள். ரொறன்ரோவில் அவர்களுக்கு முன்பே வாசல் திறந்திருந்தது. 1971 இல் அங்குள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனும், வெஸ்லியனில் கர்நாடக இசை பயின்று 'பாகவதர்' என்றே அழைக்கப்பட்ட அமெரிக்கப் பாடகர் ஜோன் ஹிக்கின்ஸும் சேர்ந்து தென்னிந்திய இசைத் துறையைத் தொடங்கினர். சங்கரன் இந்தோனேசிய கமெலான் வாத்தியக் குழுவுக்கும் நமது தாளங்களில் படைப்புகள் செய்தவர். 2011 இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. ஆனால் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்றவர்களில் பலர் பிறநாட்டவர். நம் பிள்ளைகள் பயின்றது பெரும்பாலும் வீட்டின் நிலவறையில், சனிக்கிழமை வகுப்பில், தரம் தரமாகப் பரீட்சை எழுதி, கடைசியில் மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்து. செலவைப் பற்றிப் பேசினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இந்தப் பிள்ளைகளுக்கு லக்ஷ்மிநாராயணாவின் மக்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது. கிழமை நாட்களில் பள்ளி வாத்தியக் குழுவில் நின்றுகொண்டு தாடையில் இறுக்கி வாசிக்கும் அதே பிள்ளை, சனிக்கிழமை பாயில் அமர்ந்து கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறது. சுப்பிரமணியம் 26 வயதில் கடல் கடந்து தேடிப்போனது இவர்களுக்கு எட்டு வயதிலேயே பாடசாலையில் வாய்க்கிறது. குறைவது நேரம். யாழ்ப்பாணத்து வீட்டில் மூன்று சகோதரர்களுக்கும் தந்தையே ஆசிரியர், பாடத்துக்கு மணிக்கணக்கு இல்லை. சனிக்கிழமை வகுப்பு ஒரு மணித்தியாலம்.

சிலாபத்துக்கு வருவோம். நான் மேலே சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி கனடாவிலுள்ள ஆசிரியை ஒருவரிடம் கைபேசி வழியாகப் பயில்கிறாள். ஆசிரியை யாழ்ப்பாணத்தில் படித்துப் போரில் வெளியேறியவர். இங்கே இரவு ஏழு மணி என்றால் அங்கே காலை. ஒலி வந்துசேரச் சற்றுத் தாமதமாவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியை ஒரு சங்கதியை வாசித்து நிறுத்துவார், இவள் அதைத் திருப்பி வாசிப்பாள். பிழை விட்டால் மறுபடியும். கடந்த வாரம் ஆபேரியில் ஒரு கீர்த்தனை தொடங்கியிருக்கிறார்கள். சங்கரின் ஆபேரித் தட்டைத் தேடிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நல்லூரில் ஏழு வயதில் வாசித்தவர் என்ற தகவலையும் சேர்த்து.